ஆறு மாதங்களுக்கு முன்பு சிறந்தது

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் நமது ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் கணக்காளர் பேசியதன் எழுத்து வடிவம்)

 

போன வருசம் இதே மேடையில் என்னை வரவு செலவு வாசிக்கச் சொன்னாங்க. நான் வாசித்து முடிக்கும்போது முன்வரிசையில் நாலு பேர் தூங்கிட்டாங்க. அதனால் இந்த வருசம் தலைவி அக்கா, "அம்மிணி, கணக்கை நோட்டீஸ் போர்டுல ஒட்டிரு, நீ ஏதாச்சும் சிரிக்கிற மாதிரி பேசு"ன்னு உத்தரவு போட்டுட்டாங்க. சிரிக்கிற மாதிரி என்கிட்ட இருக்கிறது நான் செஞ்ச தப்பும், நம்ம கூட இருக்கிறவங்க செஞ்ச தப்பும்தான். அதில் பேச்சுத் தப்பு, எழுத்துத் தப்பு மட்டும் இன்னைக்குச் சொல்றேன்.

முதலில் என் தப்பு. நம்ம கூட்டமைப்பு இட்லிப் பொடியும் நன்னாரி சர்பத்தும் போட ஆரம்பித்தபோது லேபிள் அடிக்கிற வேலை என் தலையில் விழுந்தது. உணவுப் பொருளை அடைத்து விற்கிறதென்றால் லேபிளில் இருக்க வேண்டிய விவரம் ஆங்கிலத்திலோ இந்தியிலோ கட்டாயம் இருக்கணும், தமிழைக் கூடுதலாகப் போட்டுக்கலாம் என்பது விதி. சரின்னு பயிற்சியில் கொடுத்த ஆங்கில மாதிரியை எடுத்து, செல்போனில் இருக்கிற மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு, வந்த தமிழை அப்படியே அச்சகத்துக்கு அனுப்பிட்டேன். நான் படித்துப் பார்க்கவே இல்லை. மாசக் கடைசி, கணக்கு முடிக்கிற நேரம். 500 ஸ்டிக்கர் அடித்து வந்துவிட்டது. எல்லாரும் சேர்ந்து ஒரு மத்தியானம் பூரா உட்கார்ந்து ஒட்டினோம். ஒட்டின பத்துப் பேரில் ஒருத்தரும் படிக்கவில்லை.

சந்தையில் கடை போட்ட அன்றைக்கு ஒரு பெரியவர் வந்தார். பொடி டப்பாவைக் கையில் எடுத்து, கண்ணாடியை மாட்டி, நிதானமாகப் படித்தார். படித்துவிட்டு, "ஏம்மா, ஆறு மாசத்துக்கு முன்னாடி நல்லா இருந்துச்சுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அப்புறம் இப்போ எதுக்கு அதை விக்கிறீங்க?" என்று கேட்டார்.

வாங்கிப் பார்த்தேன். 'பெஸ்ட் பிஃபோர் சிக்ஸ் மந்த்ஸ்' என்பதை அந்தச் செயலி 'ஆறு மாதங்களுக்கு முன்பு சிறந்தது' என்று போட்டிருக்கிறது. ஆறு மாதத்துக்குள் பயன்படுத்தணும் என்பதைச் சொல்லவேண்டிய இடத்தில், கெட்டுப்போன சரக்கு என்று நாமே ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்ட மாதிரி இருந்தது. அப்புறம்தான் மற்றதையும் படித்தோம். கடலைப் பருப்புக்கு ஆங்கிலத்தில் பெங்கால் கிராம். அது 'வங்காள கிராம் 100 கிராம்' என்று வந்திருந்தது. இட்லிப் பொடிக்குப் பெரிய ஓட்டல்களில் கன் பவுடர் என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. மாதிரியில் அப்படித்தான் இருந்ததாம். தமிழில் 'வெடிமருந்தை நல்லெண்ணெயில் குழைத்து உண்ணவும்' என்று அச்சாகியிருந்தது. சர்பத் பாட்டிலில் 'ஷேக் வெல் பிஃபோர் யூஸ்'. வெல் என்றால் நன்றாக என்றும் அர்த்தம், கிணறு என்றும் அர்த்தம். 'பயன்படுத்தும் முன் கிணற்றை அசைக்கவும்.'

500 ஸ்டிக்கரையும் வெந்நீர் வைத்து உரித்தோம். இன்னைக்குச் சிரிக்கிறோம். அன்றைக்கு அந்தப் பெரியவர் கேட்காமல் போயிருந்தால், படித்த யாராவது போட்டோ எடுத்து நாலு பேருக்கு அனுப்பியிருந்தால், இந்தக் கூட்டமைப்புப் பெயரில் பொடி வியாபாரம் இருந்திருக்காது.

அடுத்தது நம்ம ஊரில் இப்போது பாதி நாள் காதில் விழுகிற தமிழ். பனியன் கம்பெனி இருக்கிற இடத்தில் எல்லாம் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட்டிலிருந்து பிள்ளைகள் வந்து வேலை செய்றாங்க. லைன் வீடுகளில் பாதி அவங்கதான். அவங்க பேசுகிற தமிழைக் கேட்டு நாம் சிரிக்கிறோம். சிரிக்கலாம், தப்பில்லை. ஆனால் ஒரு நாள் அது சிரிப்போடு நிற்கவில்லை.

நம்ம குழு அக்கா ஒருத்தர் பெட்டிக்கடை வைத்திருக்காங்க. பீகார்ப் பையன் ஒருத்தன் அங்கே மாசக் கணக்கு. நூத்தி எண்பது ரூபாய் பாக்கி. அக்கா கேட்டதுக்கு அவன், "அக்கா, நாளைக்குக் காசு குடுத்தேன்" என்கிறான். "நாளைக்குக் குடுக்கறியா, குடுத்துட்டியா?" என்றால், "ஆமா அக்கா, நாளைக்கு குடுத்தேன், குடுத்தேன்" என்று அதையே சொல்கிறான். அக்காவுக்குக் கோபம். போன வாரமும் இப்படித்தான் நாளைக்கு நாளைக்குன்னு சொன்னான், இப்போ குடுத்துட்டேன்னு வேற சாதிக்கிறான், ஏமாத்துக்காரன் என்று சத்தம் போட்டாங்க. பக்கத்தில் நின்ற ரெண்டு ஆம்பளைங்க பையன் சட்டையைப் பிடிச்சுட்டாங்க.

அந்த நேரம் பால் வாங்க வந்தது ஒரு ஒடிசாப் பொண்ணு. மூணு வருசமாக இங்கே இருக்கிறது, நம்ம ஊர்ப் பேச்சு நல்லாவே வரும். அதுதான் நடுவில் வந்து, "அக்கா, இந்தியில நேத்துக்கும் நாளைக்கும் ஒரே வார்த்தை. கல்னு சொல்லுவாங்க. அவன் நேத்துக் குடுத்தேன்னு சொல்றான்" என்றது. வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டால், "ஆமா, நேத்துச் சாயங்காலம் குடுத்தான், சொல்ல மறந்துட்டேன்" என்கிறார். கல் என்றால் நேற்றா நாளையா என்று இந்திக்காரர்கள் குழம்புகிறதில்லை, கூட வருகிற வினைச்சொல்லை வைத்துத் தெரிந்துகொள்வார்கள். பையன் 'குடுத்தேன்' என்று சரியாகத்தான் சொன்னான். நாம்தான் 'நாளைக்கு' என்பதை மட்டும் பிடித்துக்கொண்டோம். அக்கா அவனுக்கு ஒரு டீ போட்டுக் கொடுத்தாங்க. சட்டையைப் பிடித்த ரெண்டு பேரும் அதுக்குள்ளே காணாமல் போயிட்டாங்க.

அந்த ஒடிசாப் பொண்ணைப் பற்றி இன்னொன்று சொல்லணும். பீகார்ப் பையன்கள் கடையில் 'புலி' கால் கிலோ கேட்பாங்க. அவங்க இந்தியில் ள கிடையாது, அதனால் புளி புலி ஆகிவிடும். ஆனால் இந்தப் பொண்ணு புளி என்று அழகாகச் சொல்லும். எப்படி என்று கேட்டால், ஒடியாவில் ள உண்டாம். ழதான் அதுக்கு வரலை. "அக்கா, நீங்க சொல்லிக் காட்டுங்க, பாத்துக்கறேன்" என்றது. அன்றைக்குக் குழுக் கூட்டத்தில் பதினாலு பேர் இருந்தோம். வாழைப்பழம் என்று ஒவ்வொருத்தராகச் சொல்லச் சொன்னேன். ஏழு பேர் வாளப்பளம், மூணு பேர் வாலப்பலம். அந்தப் பொண்ணு எங்களையெல்லாம் பார்த்துட்டு, "சரி அக்கா, அப்ப எனக்கும் பளமே போதும்" என்றது.

மொழிக்கு மொழி இப்படி ஏதாவது இருக்கத்தான் செய்யும். கேரளாவில் வெள்ளம் என்றால் தண்ணீர், பட்டி என்றால் நாய். கோவில்பட்டிக்காரர் அங்கே போய் ஊர்ப் பேரைச் சொன்னால் அவங்களுக்கு எப்படி இருக்கும், யோசிச்சுப் பாருங்க.

இப்போது மேலாளர் கதை. கடன் வழங்கும் விழாவுக்கு ஒரு வங்கியின் கிளை மேலாளர் வந்திருந்தார். வடக்கிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர். தமிழில் பேசணும் என்று ஆசைப்பட்டு, யாரையோ சொல்லச் சொல்லி, தன் இந்தி எழுத்திலேயே எழுதி வைத்துக்கொண்டு வந்து வாசித்தார். "இந்த ஊர் பேன்கள் கடுமையான உழைப்பாளிகள்" என்று ஆரம்பித்தார். கூட்டத்தில் சலசலப்பு. "பேன்கள் முன்னேறினால் நாடு முன்னேறும்." பின்னாடி ஒருத்தர் தலையைச் சொறிஞ்சாங்க. "பேன்கள் தலைமைக்கு வர வேண்டும்" என்றார் பாருங்க, அதுக்கு அப்புறம் யாராலும் அடக்க முடியலை. கைதட்டல். அவருக்கு ஏக சந்தோசம். தன் பேச்சு அவ்வளவு பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

ரெண்டு மாசம் யாரும் அவரிடம் சொல்லவில்லை. எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. நமக்காக ஒரு மனுசன் மெனக்கெட்டுத் தமிழில் எழுதிக்கொண்டு வந்தார், அதைச் சொல்லிச் சொல்லி ஊர் பூராச் சிரிக்கிறோம், அவரிடம் மட்டும் சொல்லவில்லை. ஒரு நாள் பாஸ்புக் பதிவு போடப் போனபோது தைரியமாகச் சொல்லிட்டேன். தலைமுடியைக் காட்டி, விரலால் நசுக்கிக் காட்டி, "சார், பேன் என்றால் இது. நாங்க பெண்" என்றேன். முகம் சிவந்துவிட்டது. அப்புறம் அவரே சிரிச்சுட்டார். அவங்க எழுத்தில் எ-க்கும் ஏ-க்கும் தனித்தனி எழுத்து வைத்து எழுதுகிற வழக்கம் இல்லையாம், ஒன்றேதான். ஒ, ஓ-வும் அப்படித்தான். அதனால்தான் 'பணத்தைத் திருப்பிக் கொடுங்க' என்பது 'கோடுங்க' என்று வருகிறது. அவர் உடனே தன் காகிதத்தை எடுத்து, குறிலாகச் சொல்ல வேண்டிய எழுத்து மேலே எல்லாம் ஒரு புள்ளி வைத்துக்கொண்டார்.

இதை நான் நம்ம ஊர் ரிட்டயர்டு தமிழய்யாவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அட, அந்த மனுசன் தொல்காப்பியம் சொன்னதைச் செஞ்சிருக்காரு" என்றார். விளக்கிச் சொன்னார். பழைய காலத்தில் நமக்கும் எ, ஏ ரெண்டுக்கும் வடிவம் ஒன்றுதான். குறில் என்றால் மேலே புள்ளி வைக்கணும், அது தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. ஆனால் ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று புள்ளியை விட்டுவிடுவார்களாம். படிக்கிறவர்தான் இடம் பார்த்துப் புரிந்துகொள்ளணும். இப்போது நாம் எழுதுகிறோமே, எ-க்குக் கீழே கோடு இழுத்து ஏ, ஒற்றைக் கொம்பு குறில், இரட்டைச் சுழிக் கொம்பு நெடில், இதை ஏற்படுத்தியவர் வீரமாமுனிவர் என்று சொல்கிறார்கள். அவர் யார்? 1680-ல் இத்தாலியில் பிறந்தவர். பெயர் பெஸ்கி. முப்பது வயது வாக்கில் இங்கே வந்து, கேட்டுக் கேட்டுத் தமிழ் படித்தவர். நாம் பள்ளிக்கூடத்தில் படித்துச் சிரித்தோமே பரமார்த்த குருவும் ஐந்து சீடர்களும், அந்தக் கதை எழுதியவர் அவர்தான். பிறந்தபோதே தமிழ் பேசினவங்களுக்குப் புள்ளி இல்லாவிட்டாலும் புரிந்தது. வெளியிலிருந்து வந்து தடுமாறினவருக்குத்தான் இந்த இடம் கண்ணில் பட்டிருக்கிறது. இன்னைக்கு நம் பிள்ளைகள் பெண் என்று எழுதினால் யாரும் பேன் என்று படிக்கிறதில்லை என்றால், அந்தத் தடுமாற்றத்துக்கும் அதில் பங்கு இருக்கிறது.

நாம் ஒன்றும் சளைத்தவர்கள் இல்லை. சரஸ் மேளாவுக்கு டெல்லிப் பக்கம் நானும் இன்னும் ரெண்டு பேரும் பொடியும் ஊறுகாயும் எடுத்துக்கொண்டு போனோம் இல்லையா, அந்தக் கதையை இதுவரை முழுசாக யாரிடமும் சொல்லவில்லை. கணக்கில் 'இதரச் செலவு' என்று ஒரு ஆயிரம் ரூபாய் காட்டி, அதை நாங்க மூணு பேரும் கைக்காசு போட்டுக் கட்டினோம். இன்னைக்குச் சொல்லிடறேன்.

ரயிலில் போகும்போதே இந்தி எண் மனப்பாடம் செய்தோம். அங்கே ஐம்பதுக்குப் பச்சாஸ், இருபத்தஞ்சுக்குப் பச்சீஸ். நம்ம பாக்கெட் ஐம்பது ரூபாய். முதல் நாள் நான் கூவிக் கூவி விற்றேன், "பச்சீஸ், பச்சீஸ்!" கூட்டம் அலைமோதியது. பக்கத்துக் கடைக்காரங்க எல்லாம் எட்டிப் பார்க்கிறாங்க. நாற்பது பாக்கெட் மத்தியானத்துக்குள் காலி. நம்ம பொடிக்கு டெல்லியில் இவ்வளவு மவுசா என்று பெருமையாக இருந்தது. சாயங்காலம் கல்லாவை எண்ணினால் ரெண்டாயிரம் இருக்க வேண்டிய இடத்தில் ஆயிரம். ஒருத்தரை ஒருத்தர் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டோம், அதையும் மறைக்கக் கூடாது.

மறுநாள் காலையில் ஒரு வயசான அம்மா வந்தாங்க. முதல் நாள் ரெண்டு பாக்கெட் வாங்கினவங்க. வீட்டுக்குப் போய் டப்பாவில் விலை 50 என்று அச்சடிச்சிருக்கிறதைப் பார்த்திருக்காங்க. மீதி ஐம்பது ரூபாயை என் கையில் வைத்து, அஞ்சு விரலை விரித்து, "பச்சாஸ்" என்றாங்க. ரெண்டு விரலைக் காட்டி, அப்புறம் அஞ்சு விரலைக் காட்டி, "பச்சீஸ்" என்றாங்க. மூணு தடவை என்னைச் சொல்லச் சொல்லிக் கேட்டுட்டுத்தான் போனாங்க. ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. மற்ற முப்பத்தெட்டு பாக்கெட் வாங்கினவங்க வரலை, அது வேற விசயம்.

அதே மேளாவில் எங்களுக்குப் பக்கத்துக் கடை ஜார்க்கண்ட் மகளிர் குழு. ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில், சாப்பிட்டீங்களா என்று கேட்கலாம் என்று, தெரிந்த இந்தியில் "கானா காயா?" என்றேன். நமக்கு க ஒன்றுதான். அவங்களுக்கு அதே இடத்தில் நாலு எழுத்து இருக்கிறது. சாப்பாட்டுக்கு அழுத்தி மூச்சு விட்டுச் சொல்லணும். நான் நம்ம சென்னைக் கானாப் பாட்டு மாதிரிச் சொல்லிட்டேன். அதுக்கு அங்கேயும் பாட்டு என்றுதான் அர்த்தம். நான் கேட்டது 'பாட்டுப் பாடினீங்களா?' அந்த அம்மா ஒரு நிமிசம் யோசிச்சாங்க. அப்புறம் வெட்கப்பட்டுக்கொண்டே முந்தானையைச் சரி செய்து ஒரு பாட்டுப் பாட ஆரம்பிச்சுட்டாங்க. நாங்க மூணு பேரும் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றோம். நல்ல பாட்டு. ஒரு வார்த்தை புரியவில்லை.

இனி செல்போனுக்கு வருகிறேன். இதுதான் இன்னைக்கு முக்கியமாகச் சொல்ல வந்தது.

எங்கள் குழுவில் ஒரு பாட்டி இருக்காங்க, எழுபது தாண்டியாச்சு. 2023 செப்டம்பரில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் வர ஆரம்பித்ததே, பாட்டிக்கும் வந்தது. போனுக்கு ஆங்கிலத்தில் செய்தி. கணக்கில் ஆயிரம் ரூபாய் கிரெடிட் ஆகியிருக்கிறது என்று. பேரன் அதை ஒரு செயலியில் தமிழாக்கிப் படித்துக் காட்டியிருக்கிறான். "உங்கள் கணக்கில் ரூ.1000 கடன்." கிரெடிட் என்றால் வரவு என்றும் வரும், கடன் என்றும் வரும். செயலி கடனை எடுத்துக்கொண்டது. பாட்டி ஒரு காலத்தில் கந்து வட்டியில் ரெண்டு ஏக்கரை விட்டவங்க. கடன் என்ற வார்த்தையைக் கேட்டதும் ஆடிப்போயிட்டாங்க. நான் யார்கிட்டயும் கேட்கலையே, யார் என் பேரில் கடன் வாங்கினது என்று மகனையும் மருமகளையும் சந்தேகப்பட்டு, வீட்டில் பேச்சு வார்த்தை நின்றுபோச்சு. மாசா மாசம் அதே செய்தி வரும், மாசா மாசம் 'கடன்' ஏறிக்கொண்டே போகும். மூணு மாசம் அந்தப் பணத்தைத் தொடவில்லை. மருந்து வாங்கக் காசில்லாமல் மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிட்டிருக்காங்க. கடைசியில் கூட்டத்துக்கு வந்து, "அம்மிணி, இந்த மூவாயிரத்தை எப்படித் திருப்பிக் கட்டறது?" என்று என்னிடம் கேட்டபோதுதான் விசயமே தெரிந்தது. பாஸ்புக்கைக் காட்டி, வரவுப் பக்கத்தில் விரலை வைத்துக் காட்டினேன். பாட்டி ரொம்ப நேரம் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாங்க.

இன்னொரு குழுவில் நேர்மாறாக நடந்தது. குழுக் கடனில் கட்ட வேண்டிய நிலுவையை ஆங்கிலத்தில் அவுட்ஸ்டாண்டிங் என்பாங்க. அந்த வார்த்தைக்கே தலைசிறந்த என்றும் ஒரு அர்த்தம் உண்டு. பிரதிநிதி அக்கா போனில் வந்ததைத் தமிழாக்கிப் பார்த்தால், 'உங்கள் குழுவின் சிறந்த தொகை ரூ.42,300' என்று வருகிறது. நம்ம குழுவைச் சிறந்த குழுவாகத் தேர்ந்தெடுத்துப் பணம் கொடுக்கறாங்க என்று கூட்டத்தில் அறிவிச்சுட்டாங்க. கைதட்டி, அதை எப்படிப் பிரிப்பது என்று தீர்மான நோட்டில் தீர்மானமும் எழுதி, எல்லாரும் கையெழுத்தும் போட்டாச்சு. அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது, நான் பார்த்தேன். பரிசிலிருந்து கழித்துக்குவாங்க என்று அந்த மாசத் தவணையைக் கட்டாமல் விட்டுட்டாங்க. தவணையை ஒழுங்காகக் கட்டினால்தானே வட்டி மானியம்? பத்து வருசமாக ஒரு தவணை தவறாத குழு, ஒரு வார்த்தையால் தவறிடுச்சு.

ஏன் இப்படி ஆகிறது? பயிற்சிக்குப் போனபோது நான் கேட்டுத் தெரிந்துகொண்டதை என் மட்டுக்குச் சொல்றேன். இந்தச் செயலிகளும், கேள்வி கேட்டால் பதில் சொல்கிற சாட்பாட்டும், நாம் சொல்வதை நம்மை மாதிரிப் புரிந்துகொண்டு பேசுவதில்லை. கோடிக்கணக்கான வாக்கியங்களைப் படிக்க வைத்து, எந்த வார்த்தைக்குப் பக்கத்தில் எந்த வார்த்தை அதிகமாக வருகிறது என்று கணக்குப் போட வைத்திருக்காங்க. ஆங்கிலத்தில் படிக்கக் கொடுத்தது மலையளவு, தமிழில் கொடுத்தது மடுவளவு. அந்தத் தமிழிலும் செய்தித்தாள், புத்தகத் தமிழ்தான் அதிகம். நம்ம தீர்மான நோட்டு, உள்கடன் பதிவேடு, சந்தா, சுழல்நிதி, இதெல்லாம் அது கண்ணில் பட்டது கொஞ்சம்தான். முன்னே பின்னே நாலு வரி இருந்தால் ஓரளவு சரியாகச் சொல்லிடும். லேபிள் மாதிரி, குறுஞ்செய்தி மாதிரி ஒரு வரி மட்டும் கொடுத்தால் குத்துமதிப்புதான்.

பேசிப் பதிவு செய்கிறபோதும் அப்படித்தான். "ஒரம்பரை வந்திருக்காங்க, அப்புறம் பேசறேன்" என்று நான் போனில் சொன்னால், அது "உரம் பாறை வந்திருக்காங்க" என்று எழுதுகிறது. ஒரம்பரை என்றால் விருந்தாளி என்று நம்ம கொங்குநாட்டுக் குழந்தைக்குத் தெரியும், அதுக்கு யார் சொல்லிக் கொடுத்தாங்க? மத்திய அரசின் பாஷினி திட்டத்தில் பாஷாதான் என்று ஒன்று இருக்கிறது. யார் வேண்டுமானாலும் தன் மொழியில் படித்துக் குரலைப் பதிவு செய்து கொடுக்கலாம். நம்ம ஊர்க் குரல் நாலு அதில் சேர்ந்தால் நல்லதுதான்.

பழி சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. முன்னைவிட இப்போது எவ்வளவோ தேவலை. நானே திட்ட அறிக்கை எழுத சாட்பாட்டைக் கேட்கிறேன், உதவியாகத்தான் இருக்கிறது. ஆனால் பீகார்ப் பையன் வார்த்தை கிடைக்காவிட்டால் தலையைச் சொறிகிறான், கையைக் காலை ஆட்டுகிறான், 'தெரியலை அக்கா' என்கிறான். நமக்கு உடனே சந்தேகம் வருகிறது, திருப்பிக் கேட்கிறோம். செல்போன் தலையைச் சொறியாது. தப்பான பதிலையும் சரியான பதிலையும் ஒரே மாதிரி, கணீரென்று சொல்லும். பாட்டிக்கு 'கடன்' என்று சொன்னபோதும் அதுக்கு ஒரு தயக்கம் கிடையாது.

லேபிள் விசயத்துக்கு அப்புறம் நாங்க ஒரு வழக்கம் வைத்திருக்கோம், பிடித்திருந்தால் நீங்களும் செய்து பாருங்க. செயலி கொடுத்த தமிழை மறுபடி அதிலேயே போட்டு ஆங்கிலமாக்கிப் பார்ப்போம். முதலில் கொடுத்ததும் இதுவும் ஒத்து வருகிறதா என்று பார்த்தால் பாதித் தப்பு அங்கேயே தெரிந்துவிடும். பாதிதான், மீதி தெரியாது. அச்சுக்குப் போகும் முன் எந்தத் தமிழையும் கூட்டத்தில் ஒருத்தர் சத்தமாக வாசிக்கணும். ரூபாய், தேதி, மருந்து, தவணை, இந்த நாலு இருக்கிற செய்தி எதுவானாலும் போனை நம்பாமல் பாஸ்புக்கோடோ சீட்டோடோ ஒத்துப் பார்க்கணும். வாசிக்கிற வேலையை இப்போது யார் செய்கிறாங்க தெரியுங்களா? அந்த ஒடிசாப் பொண்ணுதான். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறது. நாம் வேகமாகப் படித்துத் தாண்டிப் போகிற இடத்தில் எல்லாம் அது நின்று, "அக்கா, இது என்ன அர்த்தம்?" என்று கேட்கும். போன மாசம் மட்டும் மூணு தப்பு பிடித்திருக்கிறது.

பாட்டி இன்னைக்கு வந்திருக்காங்க, மூணாவது வரிசையில் சிரிச்சுட்டு இருக்காங்க. சொல்லட்டுமா என்று கேட்டுத்தான் சொன்னேன். அடுத்த மாசக் கூட்டத்துக்கு எல்லாரும் பாஸ்புக்கும் போனும் எடுத்துட்டு வாங்க. புரியாத குறுஞ்செய்தி எது இருந்தாலும் அழிக்காமல் வைத்திருங்க, உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மேடம் மணியைப் பார்க்கிறாங்க. பந்தல் வாசலில் நம்ம சர்பத் வைத்திருக்கு, எல்லாரும் குடிச்சுட்டுத்தான் போகணும். கிணற்றை அசைக்க வேண்டாம், பாட்டிலை மட்டும் அசைச்சால் போதும்.